ஏழரை ரூபாய் ஸ்டாம்பும் எதிர்வீட்டு அண்ணன் கையும்

டல்லாஸில் இருக்கும் என் மகன் ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்வான். அங்கே அப்போது சனிக்கிழமை இரவு. போன மாதம் பேச்சு ஆஸ்பத்திரிச் செலவு பக்கம் போனது. பேத்தி விளையாடும்போது விழுந்து மணிக்கட்டு எலும்பில் லேசான விரிசல். எக்ஸ்ரே எடுத்து ஒரு கட்டுப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். பில் எவ்வளவு என்று சொன்னான். நான் அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

"எல்லாம் இந்தக் கேஸ் போடறவங்களாலதாம்பா. டாக்டருங்க பயந்துபோய் ஒண்ணுக்குப் பத்து டெஸ்ட் எடுக்கறாங்க, இன்சூரன்ஸ் கட்டறாங்க, கடைசியில எல்லாத்தையும் நம்ம தலையில கட்டிடறாங்க" என்றான்.

அமெரிக்காவில் இது ஐம்பது வருஷத்துச் சண்டை. மருத்துவர் தவறுக்கு நோயாளி கேட்கும் நஷ்ட ஈட்டுக்கு உச்சவரம்பு வைத்தால் மருத்துவச் செலவு குறையும் என்று ஒரு கட்சி. குறையாது, பாதிக்கப்பட்டவன் வாயைத்தான் அடைக்கிறீர்கள் என்று இன்னொரு கட்சி. நம் ஊரிலும் இதே வாதம் நடந்திருக்கிறது. அதில் ஒரு பகுதியை நான் கோர்ட்டுக் குமாஸ்தாவாகப் பார்த்தவன். ஆனால் மகன் கட்டு என்று சொன்னதும் எனக்குச் சட்டம் ஞாபகம் வரவில்லை. எங்கள் ஆரணித் தெருவின் எதிர்வீட்டு அண்ணன்தான் ஞாபகம் வந்தார்.

1984. எங்கள் தெருவில் விடிவதற்கு முன்னே தறிச் சத்தம் தொடங்கிவிடும். எதிர்வீட்டு அண்ணன் குழித்தறியில் பட்டுச் சேலை நெய்பவர். சுத்தமான வேலைக்காரர் என்று முதலாளிகள் மத்தியில் பெயர். ஒருநாள் சாயங்காலம் கமண்டல நாகநதிப் பக்கம் சைக்கிளிலிருந்து விழுந்து வலது முன்கை முறிந்துபோனது. வெளியூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். அன்று இரவே வலி தாங்கவில்லை. மறுநாள் விரல்கள் வீங்கி நீலம் பாய்ந்துவிட்டன. திரும்பப் போய்க் காட்டினால், "எலும்பு முறிஞ்சா வலிக்காம இருக்குமா?" என்று மாத்திரை கொடுத்தார்கள். நாலாம் நாள் வேறு ஒருவர் கட்டை வெட்டி எடுத்தபோது விரல்கள் உள்ளே மடங்கியிருந்தன. பிறகு அவை நிமிரவே இல்லை.

இறுக்கமான கட்டினால் ரத்த ஓட்டம் நின்று தசை செத்துப்போவதை ஜெர்மானிய அறுவை மருத்துவர் வோல்க்மன் 1881-லேயே எழுதி வைத்திருக்கிறார். அதாவது அண்ணன் விழுவதற்கு நூறு வருஷத்துக்கும் முன்பே. இது எனக்கு அப்போது தெரியாது.

நெசவு தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம். கயிற்றை வலது கை இழுத்தால்தான் நாடா ஓடும். அதையாவது எப்படியோ மணிக்கட்டில் கட்டிக்கொண்டு சமாளிக்கலாம். அறுந்த பட்டிழையை எடுத்து முடிச்சுப் போட விரல்தான் வேண்டும். அண்ணன் தறியில் அதற்குப் பிறகு அண்ணி உட்கார்ந்தார். அண்ணன் இடது கையால் தார் சுற்றினார். அது எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும் செய்யும் வேலை.

நான் அப்போது வேலூரில் வேலை. தினமும் பஸ்ஸில் போய் வருவேன். ஒரு ராத்திரி அண்ணன் வீட்டுக்கு வந்து, "தம்பி, கேஸ் போட்டா என்னா ஆகும்?" என்று கேட்டார். இருவரும் ஒரு தாளில் கணக்குப் போட்டோம். மாதம் ஐந்நூறு ரூபாய் கூலி. இன்னும் இருபது வருஷம் நெய்திருப்பார். கூட்டினால் ஒரு லட்சத்து இருபதாயிரம். சரி, ஒரு லட்சம் கேட்கலாம் என்றார்.

அங்கேதான் ஸ்டாம்பு வந்து நின்றது. தமிழ்நாட்டில் 1955-ஆம் வருஷத்துக் கோர்ட்டுக் கட்டணச் சட்டப்படி, பண வழக்குக்கு நூற்றுக்கு ஏழரை ரூபாய். உச்சவரம்பு கிடையாது. ஒரு லட்சம் கேட்டால் பிராதோடு 7,500 ரூபாய் ஸ்டாம்பு ஒட்ட வேண்டும். அண்ணனுக்கு அது பதினைந்து மாதக் கூலி. எங்கள் ஆபீசில் இதை 'ஏழரை' என்றே சொல்வோம். சனி பிடித்தவன்தான் வழக்குப் போடுவான் என்று பெரிய குமாஸ்தா வேடிக்கையாகச் சொல்வார். இந்த விகிதம் அநியாயம் என்று வழக்கு நடந்து, செல்லும் என்று பின்னால் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 2017-ல்தான் மூன்று ரூபாயாகக் குறைத்தார்கள்.

ஏழைகளுக்கு ஸ்டாம்பு இல்லாமல் வழக்குப் போடும் வழி உண்டு. பாப்பர் மனு என்போம். அதில் தொழில் கருவியைச் சொத்துக் கணக்கில் சேர்க்கக் கூடாது, ஆகவே தறி வராது. வீடு வரும். அண்ணனுக்குத் தம்பியோடு பாதிப் பங்காக ஒரு ஓட்டு வீடு இருந்தது. எதிர்க்கட்சி வக்கீல் அதைப் பிடித்துக்கொள்வார். அதைத் தாண்டினாலும், கட்டு தவறாகப் போடப்பட்டது என்று கூண்டில் ஏறிச் சொல்ல இன்னொரு டாக்டர் வேண்டும். யார் வருவார்கள்?

"வேணாம் அண்ணே" என்று சொன்னது நான்தான்.

இந்தியாவில் மருத்துவர் கவனக்குறைவுக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. வெள்ளைக்காரன் விட்டுப்போன தீங்கியல் சட்டம் இருந்தது. ஒருவன் கவனக்குறைவால் இன்னொருவனுக்குத் தீங்கு வந்தால் ஈடு கொடுக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். தனிச் சட்டப் புத்தகம் கிடையாது, எல்லாம் தீர்ப்புகளில் வளர்ந்தது. மருத்துவத்தில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் பழைய வழக்கு மகாராஷ்டிரத்துடையது. 1953-ல் கடற்கரையில் நடந்த விபத்தில் ஒரு இளைஞனுக்குத் தொடை எலும்பு முறிந்தது. பூனாவில், போதிய மயக்கம் கொடுக்காமல் ஆள் வைத்து இழுத்து எலும்பைச் சேர்த்தார்கள். பையன் இறந்துபோனான். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1968-ல் முடிந்தது. ஈடு 3,000 ரூபாய். வழக்குப் போட்ட அப்பாவே ஒரு மருத்துவர், அதனால்தான் பதினைந்து வருஷம் தாக்குப்பிடித்து நடத்த முடிந்தது என்பது என் அபிப்பிராயம். பூட்டு அவ்வளவு பெரிதாக இருந்தால் கதவு இருந்து என்ன?

1986 டிசம்பர் 24 அன்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கோர்ட்டுக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை. மாவட்ட மன்றத்தில் ஒரு வெள்ளைத்தாளில் புகார் எழுதிக் கொடுத்தால் போதும். முதலில் ஒரு லட்சம் வரை கேட்கலாம், 1993-ல் அது ஐந்து லட்சமாயிற்று. கடிகாரம் ஓடவில்லை, மிக்ஸி புகைகிறது என்று ஜனங்கள் போனார்கள். கொஞ்ச நாளில் நோயாளிகளும் போக ஆரம்பித்தார்கள். அங்கே பிடித்தது சண்டை.

சண்டையின் நுணுக்கம் ஒரு சொல்லில் இருந்தது. பணம் கொடுத்துப் பெறும் 'சேவை' எல்லாம் சட்டத்துக்குள் வரும், ஆனால் ஆள் சார்ந்த ஊழிய ஒப்பந்தம் வராது என்று சட்டம் சொன்னது. எங்கள் வைத்தியம் அந்த ரகம், ஆகவே நாங்கள் வெளியே என்றார்கள் மருத்துவர்கள். ஆரணிக்காரனுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். முதலாளியின் கொட்டகையில், அவர் தறியில், அவர் சொன்ன நேரத்துக்கு வந்து நெய்பவன் ஊழியன். தன் வீட்டில், தன் தறியில், தன் கைவேலையை நம்பிப் பாவு வாங்கி நெய்து கொடுப்பவன் ஊழியன் இல்லை, தொழில்காரன். வேலை எப்படிச் செய்ய வேண்டும் என்று முதலாளி அவனுக்குச் சொல்ல முடியாது. நோயாளியிடம் டாக்டர் முதல் ரகமா, இரண்டாம் ரகமா? யோசித்துப் பார்த்தால், எந்த நோயாளி டாக்டருக்கு எஜமான்?

ஆனாலும் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு 1994-ல் டாக்டர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நோயைக் கண்டறிவதும் வைத்தியம் செய்வதும் இந்தச் சட்டம் சொல்லும் சேவை அல்ல, நோயாளி நுகர்வோர் அல்ல என்றது. துணை மருத்துவச் சேவைகளுக்கு மட்டும் அந்த விலக்கு இல்லை. ஆக, மற்ற மாநிலங்களில் என்ன நடந்தாலும் தமிழ்நாட்டில் கதவு சாத்தியாயிற்று.

எல்லா வழக்கும் உச்ச நீதிமன்றத்தில் ஒன்றாகச் சேர்ந்தது. இந்திய மருத்துவ சங்கம் எதிர் வி.பி. சாந்தா, 1995 நவம்பர் 13 தீர்ப்பு. எழுதியவர் நீதிபதி எஸ்.சி. அகர்வால். மருத்துவ சங்கம் அங்கே வைத்த வாதங்களில் ஒன்று இன்று என் மகன் சொன்னதேதான்: மருத்துவர்களை இதற்குள் கொண்டுவந்தால் இன்சூரன்ஸ் கட்டணம் ஏறும், பயத்தில் தேவையில்லாத பரிசோதனைகள் பெருகும், கடைசியில் செலவெல்லாம் நோயாளி தலையில் விழும். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இந்தப் பொறுப்பு ஒன்றும் புதிதல்ல, சிவில் கோர்ட்டில் முன்பே இருப்பதுதான். கவனக்குறைவை அளக்கும் அளவுகோலும் அதேதான். மாறுவது போகிற இடம் மட்டும். தீர்ப்பை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன். ஊழியர் வாதமும் நிற்கவில்லை. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாக வைத்தியம் செய்யும் இடம் மட்டும் வெளியே. சிலரிடம் கட்டணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகச் செய்யும் இடமானால், இலவச நோயாளியும் புகார் செய்யலாம்.

தீர்ப்பு வந்த வாரம் அண்ணன் தினத்தந்தியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். சட்டைப் பையில் பழைய ரசீது ஒன்று. "தம்பி, இப்ப ஸ்டாம்பு வேணாமாமே?" என்றார். பதினோரு வருஷம் ஆகியிருந்தது. நுகர்வோர் மன்றத்துக்கு இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். அதைச் சொன்னேன். அண்ணி கொடுத்தனுப்பிய முறுக்கு டப்பாவை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

டாக்டர்கள் பக்கமும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் எங்களுக்கு ஒரு குடும்ப டாக்டர் இருந்தார், ஐந்து ரூபாய் வாங்குவார், இல்லாதவனிடம் அதுவும் வாங்கமாட்டார். தீர்ப்பு வந்த பிறகு என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். "நேத்து வரைக்கும் சிக்கலான பிரசவம்னா நானே ராத்திரி முழுக்க உக்காந்து பாத்தேன். இனிமே வேலூருக்கு எழுதிக் கொடுத்துடுவேன்" என்றார். அப்படியே செய்தார். வேலூருக்குப் போகிற வண்டிச் செலவும், அங்கே நாள் கணக்கில் தங்குகிற செலவும் உண்மையான செலவுகள்தான். பெரிய ஆஸ்பத்திரிக்கு வக்கீல் இருக்கிறார், பாலிசி இருக்கிறது. தனியாக நடத்துகிற சின்ன டாக்டர் தான் பயந்தார். கோபத்தில் ஆஸ்பத்திரிக் கண்ணாடியை உடைக்கும் கூட்டமும் பெருகி, தமிழ்நாட்டில் 2008-ல் அதற்குத் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் தலைமை நீதிபதி லஹோத்தி அமர்வு, மருத்துவர் மீது கிரிமினல் வழக்கு என்றால் மிகப் பெரிய அளவு கவனக்குறைவு இருக்க வேண்டும், அதற்கு முன் விவரமறிந்த இன்னொரு மருத்துவரின் கருத்தைப் பெற வேண்டும், சும்மா கைது செய்யக் கூடாது என்று சொன்னது. அது சரியான தீர்ப்பு என்பது என் எண்ணம். ஜெயில் பயத்தோடு கத்தி பிடிக்க முடியாது.

ஆனால் செலவு ஏறியதற்கு இதுதான் காரணமா? நான் நம்பவில்லை. ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். இதய ரத்தக்குழாயில் வைக்கும் மருந்து பூசிய ஸ்டென்ட், 2017 பிப்ரவரிக்கு முன் சராசரியாக ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் விலை போட்டு வந்தது. அந்த மாதம் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் அதற்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. ஒரே அறிவிப்பில் முக்கால் பங்கு விலை போய்விட்டது. இறக்குமதி செய்பவரிலிருந்து ஆஸ்பத்திரி வரை கைமாறிய லாபம்தான் அந்த முக்கால் பங்கில் பெரும்பகுதி. அதில் எந்த நோயாளியின் வழக்கும் இல்லை, எந்த வக்கீலின் பீஸும் இல்லை. நோயாளியை அனுப்பி வைப்பதற்குக் கமிஷன் வாங்கக் கூடாது என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதியிலேயே இருக்கிறது. விதி போட வேண்டியிருந்தது என்றால் ஏன் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு நிவாரணம் வந்ததும் கோர்ட்டிலிருந்து அல்ல. 2005-க்குப் பிறகு கைத்தறி நெசவாளர்களுக்கென்று மத்திய அரசு ஒரு காப்பீட்டு அட்டை கொடுத்தது. குடும்பத்துக்கு வருஷம் 15,000 ரூபாய். குறைவுதான், ஆனால் அட்டையைப் பானை மேல் செருகி வைத்திருந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012-ல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம். இன்று அது குடும்பத்துக்கு ஐந்து லட்சம். நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் ஜனங்கள் தம் கையிலிருந்து கொடுப்பது 2013-14-ல் நூற்றுக்கு 64 ரூபாயாக இருந்து 2021-22-ல் 39 ரூபாயாக இறங்கியிருப்பதாக அரசின் கணக்கு சொல்கிறது. இந்த இடைப்பட்ட வருஷங்களில் நோயாளியின் வழக்குரிமையை யாரும் குறைக்கவில்லை. மாறாக, 2013-ல் கொல்கத்தா வழக்கொன்றில், மனைவியை இழந்த டாக்டர் குணால் சாஹாவுக்குச் சுமார் ஆறு கோடியும் வட்டியும் கொடுக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம்.

சென்னை வழக்கு ஒன்றும் உண்டு. 1996-ல் எழும்பூர் அரசு மருத்துவமனையில் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அப்படிப் பிறக்கும் குழந்தைகளுக்குச் சில வாரங்களுக்குள் விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும், இல்லாவிட்டால் பார்வை போய்விடலாம். பரிசோதிக்கவும் இல்லை, பெற்றோரிடம் சொல்லவும் இல்லை. பார்வை போயிற்று. தேசிய நுகர்வோர் ஆணையம் ஐந்து லட்சம் கொடுத்தது. 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம், அவள் வாழ்நாள் முழுதும் ஆகும் வைத்தியச் செலவை விலைவாசி ஏற்றத்தோடு கணக்கிட்டு, ஏறக்குறைய 1.8 கோடி என்றது. அப்போது அவளுக்கு வயது பதினெட்டு. பயந்துபோய்த் தேவையில்லாத பரிசோதனை எடுக்கிறார்கள் என்பார்கள். இந்த வழக்கு எடுக்காமல் விட்ட ஒரு பரிசோதனையைப் பற்றியது.

அமெரிக்காவுக்கு வருகிறேன். கலிஃபோர்னியா 1975-லேயே, வலிக்கும் மன வேதனைக்கும் கொடுக்கும் ஈடு இரண்டரை லட்சம் டாலரைத் தாண்டக் கூடாது என்று சட்டம் போட்டது. விலைவாசி எவ்வளவோ ஏறியும் 2022 வரை அந்தத் தொகையைத் தொடவில்லை. என் மகன் இருக்கும் டெக்சாஸில் 2003-ல் மருத்துவர்களுக்கு அதே இரண்டரை லட்ச வரம்பு வந்தது. ஆகவே அவன் பில்லுக்கு அவன் சொன்ன காரணம் அவன் மாநிலத்திலேயே இருபது வருஷத்துக்கு முன் கட்டிப்போடப்பட்டுவிட்டது. இந்திய வம்சாவளி அறுவை மருத்துவர் அதுல் கவாண்டே 2009-ல் மெக்காலன் என்ற டெக்சாஸ் ஊரைப் பற்றி நியூயார்க்கர் பத்திரிகையில் எழுதினார். வரம்பு வந்த பிறகு அங்கே வழக்குகள் அருகிப்போயின. ஆனால் முதியோர் மருத்துவத்துக்கு அரசு தலைக்குச் செய்யும் செலவு நாட்டின் சராசரியைப் போல் இரண்டு மடங்கு. எடுத்த பரிசோதனைக்கெல்லாம் வருமானம் உண்டு என்பதுதான் அவர் கண்ட காரணம். அதே வருஷம் அமெரிக்க நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம், நாடு முழுதும் இப்படி வரம்பு வைத்தால் மொத்த மருத்துவச் செலவு அரை சதவீதம் குறையும் என்று மதிப்பிட்டது. நூறு டாலரில் ஐம்பது காசு.

நம் ஊர்ச் சண்டையும் ஓயவில்லை. 2019-ல் புதிய நுகர்வோர் சட்டம் வந்தபோது, மசோதாவில் இருந்த 'மருத்துவச் சேவை' என்ற சொல் சட்டத்தில் காணாமல் போயிற்று. ஆகவே நாங்கள் வெளியே என்று மறுபடி வழக்கு. சொல் இல்லாவிட்டாலும் சேவை சேவைதான் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. 2024 மே மாதம் வக்கீல்கள் இந்தச் சட்டத்துக்குள் வரமாட்டார்கள் என்று ஒரு தீர்ப்பு வந்தது, கூடவே சாந்தா தீர்ப்பையும் மறுபடி பார்க்க வேண்டும் என்று ஒரு குறிப்பு. நவம்பரில் மூன்று நீதிபதிகள் அமர்வு அது தேவையில்லை என்றுவிட்டது. வக்கீல்களுக்கு மட்டும் விலக்குக் கிடைத்ததைப் பற்றி, அவர்களோடு முப்பது வருஷம் பிழைத்தவன் ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் மரியாதை.

இதையெல்லாம் மகனிடம் இவ்வளவு கோர்வையாகச் சொல்லவில்லை. அவனுக்குத் தூக்கம் வந்துவிட்டது. பேத்தியின் கட்டை மட்டும் ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள் என்றேன். "அதுக்கும் ஒரு தாள் குடுத்து மருமககிட்ட கையெழுத்து வாங்கியிருக்காங்கப்பா. எல்லாம் கேஸுக்குப் பயந்துதான்" என்று சிரித்தான். அந்தத் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். மறுநாள் வாட்ஸ்அப்பில் வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் படித்தேன். நாலாவது வரியில் இருந்தது: விரல்கள் வீங்கினாலோ, நீலமானாலோ, மரத்துப்போனாலோ, வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனாலோ, காத்திருக்காமல் உடனே வரவும். எந்த நேரமானாலும்.